இரு வாசல்கள்

இங்கிலாந்தின் வடபகுதியில், யார்க் நகரை அடுத்து, ஆஸ்பால்ட்விக் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூர் ஆங்கிலிக்கன் ஆலயத்தினுள் ஒரு கத்தோலிக்கப் பெண்மணியின் கல்லறைக் கல் வைக்கப்பட்டிருக்கிறது. 1645ஆம் ஆண்டு, உள்நாட்டுப் போரின் நடுவே அவர் இறந்தபோது, கத்தோலிக்கரை நல்லடக்கம் செய்ய இடம் கிடைப்பது அரிதாயிருந்தது. கையூட்டு வாங்கிக்கொள்ளுமளவுக்கு நேர்மையுள்ள ஒரு போதகர் அவ்வூரில் அகப்பட்டார் என்று அவருடைய தோழியர் எழுதிவைத்தனர். துயரத்திலும் நகைச்சுவையை இழக்காத பெண்கள்! கல்லின்மீது அவர்கள் பொறித்த செய்தி இது: ஏழைகளை நேசிப்பதும், அதில் நிலைத்திருப்பதும், அவர்களோடு வாழ்ந்து, இறந்து, உயிர்ப்பதுமே இவருடைய நோக்கம் முழுவதும். அவர் துறவி என்றோ, ஒரு சபையை நிறுவியவர் என்றோ ஒரு சொல்லும் அதில் இல்லை. அப்படி எழுதுவதற்குத் திருச்சபையும் இடம் கொடுத்திருக்கவில்லை, நாட்டின் சட்டமும் இடம் கொடுத்திருக்கவில்லை.

அவர்தாம் மேரி வார்டு. உலகெங்கும் லொரேட்டோ என்றும், மேரி வார்டு பள்ளிகள் என்றும் பெயர்பெற்று விளங்கும் பெண்கள் பள்ளிகளுக்கெல்லாம் தாய். அப்பள்ளிகளுள் ஒன்று பெர்க்ஷயர் பகுதியிலுள்ள ஆஸ்காட்டில் 1885இல் சகோதரியரால் தொடங்கப்பட்ட புனித மரியன்னை பள்ளி. 11 வயதிலிருந்து 18 வயதுவரையுள்ள பெண்பிள்ளைகள் விடுதியில் தங்கிப் பயில்கின்றனர். மொனாக்கோ நாட்டு இளவரசி கரோலின் படித்த இடம் அது. இன்று ஆண்டுக் கட்டணம் 50,000 பவுனைத் தாண்டிவிட்டது. ஏழைகளோடு உயிர்த்தெழ விரும்பியவரின் கல்லறைக் கல் ஒருபுறம், இந்தக் கட்டணச் சீட்டு மறுபுறம். இவ்விரண்டையும் ஒரே மரபு என்று சொல்ல இயலுமா? அங்கே தொலைவிலுள்ள சீமாட்டிகளின் பள்ளியைக் குறைகூறுவதற்காக இதைக் கேட்கவில்லை. கன்னியர் நடத்தும் பள்ளியில் தம் மகளுக்கு ஓர் இடம் கிடைக்க வேண்டுமென்று ஏங்காத கத்தோலிக்கப் பெற்றோர் நம்மிடையே மிகச் சிலரே. ஆகவே கேள்வி நம்முடையதுமாகும்.

மேரி வார்டு 1585ஆம் ஆண்டு யார்க்ஷயரில் பிறந்தார். அக்காலத்தில் இங்கிலாந்தில் கத்தோலிக்கக் கல்விக்கு இடமில்லை. வசதியுள்ள குடும்பங்கள் ஆண்மக்களைக் கடல்கடந்து இயேசு சபையார் நடத்திய செயின்ட் ஓமேர் கல்லூரிக்கு அனுப்பின. பெண்மக்களுக்கோ அடைபட்ட மடங்களைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 1609இல் மேரி வார்டு தம் தோழியரோடு அதே செயின்ட் ஓமேர் நகரில் ஒரு வீட்டை எடுத்தார். அங்கே இரண்டு வகைப் பள்ளிகள் தொடங்கின. நாடுவிட்டு வந்த ஆங்கிலக் குடும்பங்களின் பெண்களுக்கு விடுதிப்பள்ளி ஒன்று, அந்நகரத்துப் பெண்பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாப் பகற்பள்ளி ஒன்று. தொடக்கத்திலேயே இரு வாசல்கள் இருந்தன என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

அவர் கேட்டது சிறிய சலுகையன்று. புனித இஞ்ஞாசியாரின் சபை ஒழுங்கையே பெண்களுக்கும் வேண்டினார். அடைப்பு வேண்டாம், தனித்த துறவு உடை வேண்டாம், தங்களுள் ஒருவரே உலகெங்குமுள்ள இல்லங்களுக்குத் தலைவியாக இருந்து திருத்தந்தைக்கு நேரே பொறுப்பேற்க வேண்டும். "இப்போதைய ஆர்வம் ஓய்ந்துவிடும், எப்படியும் அவர்கள் பெண்கள்தாமே" என்ற பொருளில் குரு ஒருவர் சொன்ன செய்தி 1617இல் அவர் காதுக்கு எட்டியது. தம் சகோதரியரைக் கூட்டி அதற்கு அவர் அளித்த மறுமொழி, இறையியல் படித்த எவரும் தலைவணங்க வேண்டியது. ஆர்வம் என்பது உணர்ச்சியன்று, நன்மை செய்யும் மனஉறுதி. அது தளர்ந்தால் அதற்குக் காரணம் பெண்ணாய்ப் பிறந்தது அன்று, உண்மையை விட்டு விலகியதே. பெரிய காரியங்களைச் செய்யவியலாதபடி பெண்ணுக்கும் ஆணுக்குமிடையே அத்தகைய வேறுபாடு எதுவும் இல்லை. இவையே அவர் சொன்னவற்றின் சாரம். கடவுளின் சாயல் ஆணிடம் முழுமையாகவும் பெண்ணிடம் அரைகுறையாகவும் பதிந்திருப்பதாக விவிலியத்தில் எங்கும் இல்லையே!

அவர் பள்ளிகளில் இலத்தீன் கற்பிக்கப்பட்டது. இலத்தீன் அன்று திருச்சபையின் மொழி மட்டுமன்று. அறிவு அனைத்தின் திறவுகோலும் அதுவே. மற்றெல்லாத் திறமைகளையும்விட இலத்தீன் திறமையை மேலாக மதிக்கும்படி 1627இல் தம் சகோதரி ஒருவருக்கு எழுதினார். தையலும் இசையும் போதும் என்று உலகம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுப் பட்டம் வழங்க முன்வந்தது 1948ஆம் ஆண்டில்தான்.

பின்னர் நிகழ்ந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1631இல் திருத்தந்தை 8ஆம் உர்பன் அவருடைய சபையைக் கலைத்தார். மேரி வார்டு மியூனிக் நகரில் தப்பறையாளராகக் கைதுசெய்யப்பட்டு, ஏழை கிளாரா சபையாரின் மடத்தில் அடைக்கப்பட்டார். பொட்டலம் சுற்றிவந்த தாள்களில் எலுமிச்சைச் சாற்றால் எழுதித் தம் தோழியரோடு தொடர்புகொண்டார். தாளை நெருப்பில் காட்டினால் எழுத்துகள் தெரியும். விடுதலை பெற்ற பின்னும் திருச்சபைமீது ஒரு கசப்பான சொல் அவரிடமிருந்து வரவில்லை. 1749இல் 14ஆம் ஆசீர்வாதப்பர் இச்சகோதரியர் பணிபுரிய இடமளித்தபோதும், மேரி வார்டைத் தங்கள் நிறுவுநர் என்று அழைக்க அனுமதிக்கவில்லை. 160 ஆண்டுகள் அந்தப் பிள்ளைகள் தங்கள் தாயின் பெயரைச் சொல்ல முடியாமல் வாழ்ந்தனர்! புனித 10ஆம் பத்திநாதர் 1909இல் அத்தடையை நீக்கினார். 2009இல் திருத்தந்தை 16ஆம் ஆசீர்வாதப்பர் அவரை வணக்கத்திற்குரியவர் என அறிவித்தார்.

நம் கேள்விக்கு அடுத்த சான்று யார்க் நகரத்து மடம். கத்தோலிக்கச் செல்வர் சர் தாமஸ் காஸ்கொய்ன் தம் இனத்தாரின் பெண்மக்களுக்குப் பள்ளி வேண்டுமென 450 பவுன் கொடுத்தார். பிரான்செஸ் பெடிங்ஃபீல்டு என்ற சகோதரி 1686இல் மிக்கிள்கேட் என்னும் கோட்டைவாயிலுக்கு வெளியே ஒரு வீட்டை வாங்கி அங்கே பள்ளி தொடங்கினார். 1699இல் அங்கும் ஏழைப் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பகற்பள்ளி திறக்கப்பட்டது. மறு ஆண்டே நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம், பள்ளி நடத்தும் கத்தோலிக்கருக்கு வாழ்நாள் சிறை விதித்தது. சகோதரியர் அஞ்சவில்லை, பள்ளியை மூடவுமில்லை. 1769இல் அவர்கள் கட்டிய சிற்றாலயத்தை இன்றும் காணலாம். அதன் குவிமாடம் வெளியே தெரியாதபடி சாதாரண ஓட்டுக் கூரையின் அடியில் ஒளிந்துகொண்டிருக்கிறது. திருப்பலி நடக்கும்போது சோதனை வந்தால் தப்பிச் செல்வதற்கு எட்டு வாசல்கள்.

ஆக, இப்பள்ளிகள் "தனித்து" நின்றதன் முதற்பொருள் இது. அரசின் பணத்தை அவர்கள் வேண்டாமென்று ஒதுக்கவில்லை. அரசு அவர்களைச் சிறையிலிட விரும்பியது. நம்பிக்கையைக் காத்துக்கொள்ள, தங்கள் சொந்தப் பணத்தையன்றி வேறெதையும் சார முடியாத நிலை. செல்வர் வீட்டுக் கட்டணத்தால்தான் மடத்தின் அடுப்பு எரிந்தது, ஏழைகளின் பள்ளியும் நடந்தது. அந்தக் காலத்தின் கட்டணத்தை நான் குறைகூற மாட்டேன். அது ஆபத்தில் பங்கேற்றோரின் காணிக்கை.

ஆனால் ஆபத்து நீங்கிய பின்னரும் இரு வாசல்களும் அப்படியே நின்றன. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து, அயர்லாந்து கன்னியர் மடங்கள் பலவற்றில் விடுதிப்பள்ளிக்கு ஒரு வாசல், ஏழைகளின் பள்ளிக்கு மற்றொரு வாசல். முன்வாசலில் பிரெஞ்சும் இசையும். பின்வாசலில் எழுத்தும் தையலும். ஒரே மடம், ஒரே நற்கருணைப் பேழை, ஒரே செபம். யாக்கோபு தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில், பொன் மோதிரம் அணிந்தவரை நல்ல இருக்கைக்கு அழைத்து, அழுக்கு ஆடை உடுத்தியவரைக் கால்மணையருகே உட்காரச் சொல்லும் சபையைக் கண்டிக்கிறார். அங்கே ஏழையை யாரும் வெளியே துரத்தவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உள்ளே விட்டார்கள், இருக்கையில்தான் வேறுபாடு காட்டினார்கள். அதையே திருத்தூதர் அநீதி என்கிறார்.

இருக்கை என்ற இச்சொல்லில்தான் சிக்கலின் முடிச்சு இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. புனித அகுஸ்தினார் கிறிஸ்தவப் போதனையைப் பற்றிய தம் நூலின் தொடக்கத்தில் ஒரு நுட்பமான கருத்தை வைக்கிறார். கொடுப்பதால் குறையாத பொருளை ஒருவர் கொடாமல் வைத்திருந்தால், வைத்திருக்க வேண்டிய முறையில் அதை அவர் வைத்திருக்கவில்லை என்பது அக்கருத்து. அறிவு அத்தகைய பொருள். நாற்பது பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததால் ஆசிரியையிடம் கணக்குக் குறைந்துவிடுவதில்லை. எனவே அறிவுக்கு வேலி போடுவது அதன் இயல்புக்கே மாறானது. ஆயினும் வகுப்பறையில் இருக்கைகள் நாற்பதுதான். நாற்பத்தொன்றாவது பிள்ளை வெளியே நின்றாக வேண்டும். அறிவு பகிரப் பகிரப் பெருகும். இருக்கை பகிர்ந்தால் குறையும். இவ்விரண்டும் ஒரே கட்டடத்தில் கலந்து கிடப்பதால் நாம் ஒன்றை மற்றொன்றாக எண்ணி ஏமாறுகிறோம்.

பெற்றோர் பெருந்தொகை கொடுத்து வாங்குவது எதை? அறிவை என்றால், அதைப் பிறருக்கும் கொடுப்பதில் அவர்களுக்கு இழப்பு ஏதுமில்லை. ஆனால் "இன்ன பள்ளியில் படித்தவள்" என்ற பெயரை வாங்குகிறார்கள் என்றால் கதை வேறு. எல்லோரும் அங்கே படித்துவிட்டால் அப்பெயருக்கு விலை இல்லாமற்போகும். அதாவது, அப்பெயரின் மதிப்பு முழுவதும், வெளியே நிற்கும் பிள்ளைகள் வெளியே நிற்பதிலேயே அடங்கியிருக்கிறது. இதை விற்கும் இடம் நல்ல பள்ளியாக இருக்கலாம்; ஒழுக்கத்திலும் தேர்ச்சியிலும் சிறந்து விளங்கலாம். கிறிஸ்துவின் பெயரால் அதை விற்க முடியுமா என்பதே ஐயம். பொருள்களை ஒருவர் தம்முடையவையாகப் பேணி நிருவகிக்கலாம், பயன்படுத்தும்போதோ பொதுவானவையாகக் கருதித் தேவையிலிருப்போருக்கு மனமுவந்து பகிர வேண்டும் என்கிறார் அக்குவினா நகர்ப் புனித தோமையார். நிலத்துக்கும் தானியத்துக்கும் அவர் சொன்னது, பள்ளியின் இருக்கைக்கும் பொருந்தும்.

இதற்கு மறுப்பாக ஒரு வாதம் எப்போதும் எழுப்பப்படும், அதில் சாரமும் உண்டு. தலைவர்களை, தாய்மாரை உருவாக்கினால் அவர்கள் வழியாக நன்மை எல்லாருக்கும் சென்று சேரும். நன்மை எவ்வளவு பரந்ததோ அவ்வளவு தெய்வீகமானது என்பது இஞ்ஞாசியாரின் கொள்கைதானே? உண்மை. ஆனால் அந்த நன்மை கீழே இறங்கி வந்ததா என்று எப்போதாவது கணக்குப் பார்க்க வேண்டும். 1977இல் உரோமைக் கல்விப் பேராயம் வெளியிட்ட ஏடு இதைப் பூசி மெழுகாமல் சொல்லிவிட்டது. கத்தோலிக்கப் பள்ளிகள் வசதியுள்ளோருக்கே முதலிடம் கொடுத்தால், அவர்களுடைய உயர்நிலையை உறுதிப்படுத்தி, நீதியற்ற சமூகத்துக்குத் துணைபோனதாகும் என்பதே அதன் எச்சரிக்கை. அதற்கு முன்பே, 1965இல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஏழைகளுக்கும் ஆதரவற்றோருக்கும் கத்தோலிக்கப் பள்ளிகள் தனி அக்கறை காட்ட வேண்டுமெனக் கேட்டுக்கொண்டது.

மேரி வார்டு பள்ளிகள் சனவரி 23ஆம் நாள் அவர் பிறந்ததையும் 30ஆம் நாள் அவர் இறந்ததையும் நினைவுகூர்ந்து அவ்வாரத்தைக் கொண்டாடும் வழக்கம் உண்டு. சுதந்திரம், நீதி, நேர்மை என்று 1615இல் அவர் தம் ஆன்ம குருவுக்கு எழுதிய மூன்று பண்புகளும் மாணவியர்க்கு எடுத்துரைக்கப்படுகின்றன. நீதி என்று அவர் அன்று எழுதியது முதலாவதாக ஆன்மா கடவுள் முன் நிற்கும் நேரிய நிலையை. சமூக நீதி என்னும் இன்றைய பொருளை அப்படியே அவர் வாயில் வைப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆனாலும் கடவுள் முன் நேராக நிற்கும் ஆன்மா அயலார் முன் கோணலாக நிற்க முடியுமா?

இங்கிலாந்தில் இக்கேள்வியைத் திருச்சபைக்கு முன்னர் நாட்டின் சட்டமே கேட்டுவிட்டது. கட்டணப் பள்ளிகள் அறநிறுவனங்கள் என்ற தகுதியோடு இருக்க வேண்டுமாயின், பெயரளவுக்கு மேற்பட்ட பயன் ஏழைகளுக்கும் கிட்ட வேண்டும் என 2011இல் ஒரு தீர்ப்பாயம் கூறியது. 2025 சனவரி முதல் நாளிலிருந்து இப்பள்ளிகளின் கட்டணத்தின்மீது 20 விழுக்காடு வரி விதிக்கப்படுகிறது. பள்ளிகள் கட்டணச் சலுகையும் உதவித்தொகையும் தருகின்றன. அவற்றை நான் எள்ளி நகையாடவில்லை. அதனால் வாழ்வு பெற்ற பெண்கள் உண்டு. ஆனால் உதவித்தொகை பெரும்பாலும் ஏழை வீட்டின் கூர்மதியுள்ள பிள்ளையைத் தேடி எடுக்கிறது. சுமாராகப் படிக்கும் ஏழைப் பெண்ணுக்கு அங்கும் வாசல் திறப்பதில்லை. சுமாராகப் படிக்கும் செல்வர் வீட்டுப் பெண்ணுக்குத் திறக்கிறது.

யார்க் மடத்துப் பள்ளியோ வேறொரு வழியில் சென்றது. ஏறத்தாழ 300 ஆண்டுகள் பெண்கள் பள்ளியாக இருந்த அது, 1985இல் பிற கத்தோலிக்கப் பள்ளிகளோடு இணைந்து, அனைத்துப் புனிதர்கள் பெயரால் அரசுச் செலவில் இயங்கும் பொதுப்பள்ளியாயிற்று. ஆணும் பெண்ணும், கட்டணமின்றி, அங்கே படிக்கின்றனர். பழைய மாணவியருள் அதற்காக வருந்தியோர் இருந்திருப்பர். சீருடை, பாடல், பெண்களுக்கே உரிய அமைதியான சூழல் ஆகியவை போயின என்ற இழப்பு மெய்யானதே. ஆயினும் கல்லறைக் கல்லுக்கு அருகில் நிற்பது ஆஸ்காட்டா யார்க்கா என்று என்னைக் கேட்டால், மறுமொழி சொல்ல எனக்கு நெடுநேரம் வேண்டியிராது.

மூன்றாவதொரு வழியும் உண்டு. அது நம் நாட்டில் பிறந்தது. யார்க் மடத்தில் சிறுமியாய்ப் படித்த தெரேசா பால் என்ற டப்ளின் பெண், பின்னர் அயர்லாந்தில் லொரேட்டோ சபையைத் தொடங்கினார். அவருடைய சகோதரியர் 1841 டிசம்பர் இறுதியில் கல்கத்தா வந்திறங்கினர். இங்கும் அதே இரு வாசல்களே. புனித அன்னை தெரேசா 1931 முதல் 1948 வரை கற்பித்த எண்டாலி வளாகத்தில் ஆங்கிலவழிப் பள்ளியும் இருந்தது, வங்காளப் பெண்களுக்கான பள்ளியும் இருந்தது. மதிலுக்கு அப்பால் மோதிஜீல் சேரி. அன்னை அந்த மதிலைத் தாண்டி வெளியே சென்றார் என்பது உலகறிந்த செய்தி.

மதிலுக்கு உள்ளேயே இருந்து வாசலை அகலத் திறந்தவரை நாம் அவ்வளவாக அறியவில்லை. அயர்லாந்தில் பிறந்த அருட்சகோதரி சிரில் மூனி 1979இல் சியால்டா லொரேட்டோ பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். கட்டணம் செலுத்தாத பிள்ளைகளின் எண்ணிக்கையை ஆண்டுதோறும் உயர்த்தினார். 1990களின் இறுதியில் ஏறத்தாழ 1,400 மாணவியருள் பாதிப்பேர் கட்டணமின்றிப் படித்தனர். அவர்களுக்கெனத் தனி வாசலோ தனி வகுப்போ இல்லை. இரயில் நிலையத்தையும் நடைபாதைகளையும் வீடாகக் கொண்ட சிறுமியர்க்கு 1985 முதல் பள்ளியின் மொட்டைமாடியில் இடம் அளிக்கப்பட்டது. வகுப்பு மாணவியரே ஒருவர்க்கு ஒருவராக அமர்ந்து அவர்களுக்குக் கற்பித்தனர். அதை இரக்கச் செயலாக ஓய்வுநேரத்தில் வைக்காமல் பாடவேளையிலேயே வைத்தார் சகோதரி. எல்லா மாணவியர்க்கும் அது கடமை. அகுஸ்தினார் ஏட்டில் எழுதியதை மொட்டைமாடியில் நடத்திக்காட்டினார் எனலாம். 2007இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2023இல் இறைவனடி சேர்ந்தார். தரம் போய்விடும் என்று அன்று எச்சரித்தவர்கள் எதிர்பார்த்தபடி அப்பள்ளி இழுத்து மூடப்படவில்லை.

தமிழ்நாட்டிலும் ஒரே மதிலுக்குள் இரண்டு பள்ளிகளைக் காணாத மறைமாவட்டம் உண்டா? ஒருபுறம் அரசு உதவிபெறும் தமிழ்வழிப் பள்ளி. மறுபுறம் கட்டணம் பெறும் மெட்ரிகுலேஷன் பள்ளி. இரண்டு சீருடைகள், இரண்டு மணிகள். ஆண்டுவிழாவுக்கும் இரண்டு நாள்கள். அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு நமக்குத் தந்துள்ள உரிமை அருமையானது. அதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதே என் கருத்து. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளில் நலிந்தோருக்கு 25 விழுக்காடு இடம் ஒதுக்கச் சொன்னபோது, சிறுபான்மையினர் பள்ளிகளை அது கட்டுப்படுத்தாது என 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைக் கேட்டு நாம் மகிழ்ந்தோம். அரசின் கட்டாயத்திலிருந்து நமக்கு விலக்குக் கிடைத்தது சரி; இலாசர் கிடந்த வாசலிலிருந்தும் விலக்குக் கிடைத்ததாக எண்ணிக்கொண்டோமோ என்று அஞ்சுகிறேன்.

நம் பெற்றோர் ஆஸ்காட்டின் பெற்றோர் அல்லர். ஆட்டோ ஓட்டுநரும், கடைச் சிப்பந்தியும், வளைகுடா நாட்டில் வெயிலில் நிற்கும் தகப்பனும் நகையை அடகுவைத்துக் கட்டணம் செலுத்துகின்றனர். அவர்களைச் செல்வச் சீமான்கள் என்று மேடையில் சாடுவது எளிது, ஆனால் பொய். அவர்களுடைய அச்சம் உண்மையானது. சியால்டாவிலும் பாதிப் பிள்ளைகளின் பெற்றோர் கட்டணம் செலுத்தினர் என்பதை மறக்கலாகாது. அங்கே அவர்களிடம் கேட்கப்பட்டது பணம் மட்டுமன்று. தம் மகளின் பக்கத்து இருக்கையில் யார் அமர்கிறாள் என்பதைப் பற்றிய மனமாற்றமும் கேட்கப்பட்டது. அதுவே கடினமான காணிக்கை.

கல்வியாண்டு தொடங்குமுன் பங்குக் குருக்களாகிய எங்களிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டுப் பலர் வருவர். வருபவர்கள் பெரும்பாலும் எங்களுக்கு நன்கு தெரிந்தவர்கள்: பங்குப் பேரவை உறுப்பினர், திருவிழாச் செலவை ஏற்றவர், அல்லது அவர்களுடைய உறவினர். கடிதம் என்று ஒன்று கேட்கலாம் என்பதே தெரியாத வீடுகளும் அதே பங்கில் உண்டு. அவற்றின் பெயர்களும் குடும்பப் பதிவேட்டில் இருக்கின்றன. அன்பியங்களின் பொறுப்பாளருக்கு அவ்வீடுகள் தெரியும். சேர்க்கை விண்ணப்பங்கள் வழங்கப்படுமுன் ஒரு மாலைவேளை, தாளாளரும் பள்ளித் தலைமைச் சகோதரியும் அன்பியப் பொறுப்பாளர்களும் அப்பதிவேட்டை நடுவே விரித்துவைத்து அமர்ந்தால், எந்தெந்த வீட்டில் ஐந்து வயதுப் பெண்பிள்ளை இருக்கிறாள் என்று ஒரு மணி நேரத்தில் எழுதி எடுத்துவிடலாம்.